விலங்கு நோய் ஆய்வகத்தில் மின்பராமரிப்பு: மேற்பார்வையாளர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோமாரி, ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் போன்ற நோய்களின் கிருமிகளைக் கையாளும் ஆய்வகத்தில், கிருமியை உள்ளே பிடித்து வைத்திருப்பது கனமான சுவரும் கதவும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். சுவர் வேண்டும்தான். ஆனால் இரவு பகலாக அந்தக் காவலைச் செய்வது காற்றழுத்தம். உள்ளே அழுத்தம் வெளியைவிடக் குறைவாக இருக்கும். அதனால் எங்காவது இடுக்கு இருந்தால் காற்று உள்ளே போகுமே தவிர வெளியே வராது. வெளியேற்றப்படும் காற்றும் மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். வெளிக்கும் உள்ளுக்கும் 50 பாஸ்கல் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், அது வெறும் 5 மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். காற்றை வெளியே இழுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றால் அது சட்டென்று கரைந்துவிடும்.

ஃபேனைச் சுற்றுவது கரன்ட். ஆகவே ஒரு வயர்மேன் பேனலைத் திறக்கும்போது அவர் கை வைப்பது ஆய்வகத்தின் காவலிலேயே. மேற்பார்வையாளர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதிலிருந்து தொடங்குகின்றன.

“சின்ன வேலைதானே” என்று அனுப்பிவிடுவது

சுவரில் ஒரு கிளிப் அடிப்பது, ஒரு சென்சாருக்குப் புது வயர் இழுப்பது: வேறு கட்டடத்தில் இவை கால் மணி நேர வேலை. இங்கே சுவரில் விழும் ஒவ்வொரு துளையும் காவலில் விழும் துளை.

வயர் போகும் குழாயான காண்டூயிட் விஷயத்தில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. குழாய் சுவரைத் தாண்டும் இடத்தில் வெளிப்புறத்தைச் சுற்றி சீலன்ட் நன்றாகவே பூசியிருப்பார்கள். பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் குழாய்க்கு உள்ளே, வயர்களுக்கு நடுவே உள்ள இடைவெளி திறந்தே கிடக்கும். கிருமி அறையையும் வெளி வராந்தாவையும் இணைக்கும் மூச்சுக்குழல் போல ஆகிவிடும் அது. பழைய வயரை உருவிப் புது வயர் நுழைக்கும்போது உள் அடைப்பு உடைகிறது. திரும்ப அடைக்க யாருக்கும் நினைவு வருவதில்லை. வேலை முடிந்ததும் ஒரு புகைக் குச்சியை அந்த இடத்தில் பிடித்துப் பாருங்கள். புகை குழாய்க்குள் இழுக்கப்பட்டால் அடைப்பு இல்லை என்று பொருள். கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஓடுகிறது என்பதாலேயே சரியாக இருக்கிறது என்று நம்புவது

இதை நான் பட்டுத்தான் கற்றேன். எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றுக்குக் கரன்ட் கொண்டுவரும் கேபிளை மாற்றினோம். ஃபேனை ஓட்டிப் பார்த்தோம். சுற்றும் திசை சரி, அழுத்தம் சரி. வேலை அனுமதிச் சீட்டான பெர்மிட்டை மூடிக் கையெழுத்துப் போட்டேன். சில வாரங்கள் கழித்து வேகக் கட்டுப்பாட்டு டிரைவ் பழுதாகி, டிரைவைத் தவிர்த்து ஓடும் பைபாஸுக்கு ஃபேன் மாறியது. பேனலில் பச்சை விளக்கு எரிந்தது, ஆம்பியரும் காட்டியது. அழுத்த மீட்டருக்கு எதிரே நின்ற இளைய எலக்ட்ரீஷியன்தான் சொன்னார்: “சார், ஃபேன் ஓடுது. ஆனா மீட்டர் இறங்கிட்டே இருக்கு.”

கேபிள் மாற்றியபோது இரண்டு ஃபேஸ் இடம் மாறியிருந்தது. டிரைவ் உள்ளே வரும் மின்சாரத்தை முதலில் டிசியாக மாற்றிவிட்டுத்தான் மோட்டாருக்குக் கொடுக்கிறது. அதனால் உள்வரும் ஃபேஸ் வரிசை எப்படி இருந்தாலும் திசை மாறாது. பைபாஸில் மோட்டார் நேராக லைனோடு சேருகிறது. அப்போதுதான் தலைகீழாகச் சுற்றுகிறது. மையவிலக்கு ஃபேன் தலைகீழாகச் சுற்றினாலும் காற்றை அதே பக்கம்தான் தள்ளும், ஆனால் மிகக் குறைவாக. சத்தம் கேட்கும், காற்றும் வரும், ஏமாந்துவிடுவோம். அன்று அந்த அறை கிருமி நீக்கம் முடிந்து காலியாக இருந்தது. விலங்குகள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

பைபாஸிலும் ஓட்டிப் பார்த்தீர்களா என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டியது என் வேலை. டிரைவ், பைபாஸ், ஜெனரேட்டர் என்று அந்த ஃபேன் எந்தெந்த வழியில் ஓட முடியுமோ, அத்தனை வழியிலும் ஓட்டி அழுத்தத்தைக் குறித்த பிறகே வேலை முடிந்தது என்று வையுங்கள். எக்ஸாஸ்ட் டிரிப் ஆனால், காற்றை உள்ளே தள்ளும் சப்ளை ஃபேனும் நிற்கிறதா என்பதையும் அதோடு சேர்த்துச் சோதியுங்கள். நிற்கவில்லை என்றால் உள்ளே காற்று அடைந்து அழுத்தம் ஏறி, கிருமிக் காற்று இடுக்கு வழியாக வெளியே தள்ளப்படும்.

ஜெனரேட்டரை லோடு இல்லாமல் ஓட்டி நிம்மதி அடைவது

வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் ஓடவிட்டு, பதிவேட்டில் டிக் போடுவது சோதனை ஆகாது. உண்மையான சோதனை என்பது மெயினைத் துண்டிப்பது. பேட்டரி இழுக்கிறதா, மாற்று சுவிட்ச் மாறுகிறதா, காற்றுக் குழாய்களை அடைக்கும் டேம்பர்கள் மூடுகின்றனவா, கரன்ட் வந்ததும் எக்ஸாஸ்ட் முதலிலும் சப்ளை பிறகும் எழுகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். இதை விஞ்ஞானிகளோடு பேசி, அறைகள் பாதுகாப்பான நிலையில் இருக்கும் நாளில் செய்ய வேண்டும். நாள் ஒதுக்க அவர்கள் தயங்குவார்கள். விடாமல் கேளுங்கள்.

2007 ஜூனில் அமெரிக்காவின் அட்லாண்டாவில், நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் புதிய உயர்பாதுகாப்பு ஆய்வகக் கட்டடத்தில் மின்னலால் கரன்ட் போனது. காப்பு ஜெனரேட்டர்களும் கைகொடுக்கவில்லை. பக்கத்தில் தோண்டிய கட்டுமான ஆட்கள் அதற்கு முன்பே முக்கியமான எர்த் கேபிள் ஒன்றை அறுத்திருந்தது விசாரணையில் தெரிந்தது. அங்கே அப்போது கிருமி வேலை தொடங்கியிருக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் யார் மண்வெட்டி போட்டாலும் அது உங்கள் கவலைதான். தோண்டும் வேலைக்கு உங்கள் கையெழுத்தும் வேண்டும் என்ற விதி இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். தோண்டி முடிந்த பிறகு எர்த் தொடர்ச்சியை அளந்து பாருங்கள்.

இது யார் பொறுப்பு என்று இழுத்துக்கொண்டிருப்பது

அதே 2007-ல் இங்கிலாந்தின் பிர்பிரைட்டில், ஆய்வக வளாகத்தின் பழுதான கழிவுநீர்க் குழாயிலிருந்து கசிந்த கோமாரிக் கிருமி பக்கத்துப் பண்ணை மாடுகளுக்குப் பரவியது. மண்ணை வெளியே கொண்டுபோனது கட்டுமான வண்டிகளாக இருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு. அந்த வளாகத்தைப் பகிர்ந்தவர்கள் ஒருவருக்கு மேல். குழாயை யார் பார்ப்பது என்பதில் தெளிவு இல்லை. மின்பராமரிப்பிலும் இதே ஓட்டை உண்டு. பேனல் எலக்ட்ரிக்கல், ஃபேன் மெக்கானிக்கல், சென்சார் கட்டடக் கட்டுப்பாடு, டேம்பர் ஒப்பந்ததாரர் என்று பிரித்துவிட்டால், நடுவில் உள்ள ஒயர் யாருடையதும் இல்லை. ஒவ்வொரு எல்லையிலும் ஒரு பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஒரு பாதுகாப்பை ஏமாற்ற இடையில் போடும் தற்காலிக வயரான ஜம்பர் விஷயமும் இதைச் சேர்ந்ததே. இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறக்காமல் தடுக்கும் இன்டர்லாக்கையோ அலாரத்தையோ சோதனைக்காக ஜம்பர் போட்டு நிறுத்துகிறார்கள், ஷிப்ட் மாறுகிறது, ஜம்பர் அப்படியே கிடக்கிறது. ஒவ்வொரு ஜம்பருக்கும் எண், போட்டவர் பெயர், எடுக்க வேண்டிய நேரம் ஆகியவை பதிவேட்டில் இருக்கட்டும். எண்ணி எடுத்தால்தான் பெர்மிட் மூடப்படும்.

உள்ளே இருப்பவரை மறப்பது

ஒரு முறை பயன்படுத்தி வீசும் வெள்ளை உடைகளில் பல பாலிஎதிலீன் வகை. 135 டிகிரி செல்சியஸ் அளவில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பேனலில் பொறி தெறித்தால் கிருமிக்காகப் போட்ட அந்த உடையே தீக்காயத்தைப் பெரிதாக்கும். கிருமிப் பாதுகாப்பு அதிகாரி ஒரு உடையும், மின்பாதுகாப்பு விதி இன்னொரு உடையும் சொன்னால், அந்த முரண்பாட்டைத் தொழிலாளியின் தலையில் கட்டக்கூடாது. உள்ளே கரன்ட் இருக்கும்போது செய்யும் லைவ் வேலையே இல்லை என்று தீர்மானியுங்கள். முடியாத இடத்தில் இருவரையும் உட்காரவைத்து வேலைக்கு முன்பே முடிவெடுங்கள்.

யாரும் கரன்டைப் போட்டுவிடாதபடி பூட்டும் எச்சரிக்கை அட்டையும் போட்ட பிரேக்கர் வெளியே, ஆள் உள்ளே. அவருக்கு ஏதாவது ஆனால் குளித்து உடை மாற்றி வெளியே ஓடிவர முடியாது. அதனால் பிரேக்கர் பக்கத்தில் வயர்லெஸ்ஸோடு ஒருவர் வேலை முடியும்வரை நிற்க வேண்டும். டீ குடிக்கப் போகக்கூடாது. உயிர் ஆபத்தில் குளியலைத் தாண்டி ஆளைத் தூக்கிக்கொண்டு வருவது எப்படி என்பதையும் ஒத்திகை பாருங்கள். மாட்டறையில் தரை எப்போதும் ஈரம் என்பதையும் மறக்காதீர்கள்.

உள்ளே போன டெஸ்டர், ஸ்க்ரூடிரைவர், லேப்டாப் எதுவும் கிருமி நீக்கம் ஆகாமல் வெளியே வரக்கூடாது. ஒரு செட் கருவி உள்ளேயே இருப்பது நல்லது. அனுமதிச் சீட்டு, செல்போன் படம், வரைபட நகல் போன்ற காவல் விதிகளை எல்லோரும் அறிவார்கள். அங்கே சலுகை கொடுத்துப் பழக்கிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

கடைசியாக, மிகவும் தயக்கத்தோடு கேட்கப்படும் கேள்வி: “வீட்டுல மாடு இருக்கா?” கோமாரிக் கிருமி மனிதரின் மூக்கில் கொஞ்ச நேரம் தங்க முடியும். அதனால் உள்ளே போனவர்கள் சில நாட்கள் மாடு, ஆடு, பன்றி பக்கம் போகக்கூடாது என்று இத்தகைய நிலையங்களில் விதி உண்டு. கூலி போய்விடுமோ என்று பயந்து ஆட்கள் உண்மையை மறைப்பார்கள். ஒப்பந்த ஆட்கள் இன்னும் அதிகம் மறைப்பார்கள். அந்த நாட்களில் வெளி வேலை கொடுத்துக் கூலியைக் காப்பாற்றுவீர்கள் என்று முதல் நாளே சொல்லி, சொன்னபடி நடந்து காட்டுங்கள். அப்போதுதான் திங்கட்கிழமை காலையில் ஒருவர் வந்து, “சார், நேத்து அக்கா வீட்டுல பசு கன்னு போட்டுச்சு, நான்தான் பார்த்துக்கிட்டேன்” என்று உங்களிடம் வாய் திறந்து சொல்வார்.