சிவப்புக் கோட்டு தைப்பவர்கள் கத்தரியை எடுக்கும் முன்

போன மாதம் ஒருவர் தான் தைத்த சிவப்புக் கோட்டைப் பையில் சுருட்டிக்கொண்டு என் தையலறைக்கு வந்தார். வாட்டர்லூ காலத்து பிரிட்டிஷ் காலாட்படைச் சிப்பாயின் கோட்டு. ஆறு மாதம் உட்கார்ந்து கையாலேயே தைத்திருக்கிறார். அவர் பித்தானைக் காட்டுகிறார், காலரைக் காட்டுகிறார். என் கண் போனது அக்குளுக்கு. என்ன செய்திருக்கிறார் என்று புரிந்துவிட்டது. இந்த வருடத்தில் அவர் மூன்றாவது ஆள். பதினான்கு வருடத்துக்கு முன்னால் அதே தவறைச் செய்தவன் நான்.

இங்கிலாந்தில் பழைய போர்களை அந்தக் கால உடையோடும் துப்பாக்கியோடும் மைதானத்தில் மறுபடி நடித்துக் காட்டும் குழுக்கள் நிறைய உண்டு. 1815 ஜூன் 18 அன்று நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ சண்டைதான் அவர்களில் பலருக்குத் திருவிழா மாதிரி. தையலை என் மாமாவிடம் படித்தேன். சிவப்புக் கோட்டை இங்கே வந்து பட்டுத்தான் படித்தேன். கைக்கடிகாரத்தைக் கழற்ற மறப்பது, ஜிப் வைப்பது போன்றவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. பக்கத்தில் நிற்பவர் ஒருமுறை சிரித்தால் அதெல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

கம்பளி என்று எழுதியிருந்தால் போதும் என்று நினைப்பது

அந்தக் காலக் கோட்டுத் துணியின் பெயர் பிராட்குளாத். நெய்த கம்பளியை ஈரத்தில் போட்டு அடி அடியென்று அடித்துச் சுருக்கி, இழையே தெரியாத அளவுக்கு இறுக்கிவிடுவார்கள். அதனால் வெட்டின விளிம்பு பிரியாது. பல இடங்களில் விளிம்பை மடிக்காமல் அப்படியே விட்டிருப்பார்கள். கடையில் கிடைக்கும் சாதாரணக் கோட்டுக் கம்பளியை வாங்கினால் விளிம்பை மடித்துத்தான் ஆக வேண்டும். மடித்தால் ஓரம் தடித்துப்போய், கோட்டு போர்வை மாதிரி தெரியும். வாங்கும் முன் ஒரு மூலையை வெட்டி, விளிம்பை நகத்தால் பத்துத் தடவை சுரண்டிப் பாருங்கள். நூல் வந்தால் கடைக்காரருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

சிவப்பு எல்லாம் ஒரே சிவப்பு என்று நினைப்பது

சாதாரணச் சிப்பாயின் கோட்டுக்கு மஞ்சிட்டி வகை வேரில் எடுத்த சாயம். கொஞ்சம் செங்கல் நிறம் அடிக்கும், வெயிலில் இன்னும் மங்கும். அதிகாரிகளுக்கும் சார்ஜன்ட்களுக்கும் கள்ளிச்செடியில் வாழும் கொச்சினீல் பூச்சியில் எடுத்த சாயம். அது பளீரென்ற சிவப்பு. சிப்பாய்க் கோட்டை அந்தப் பளீர் சிவப்பில் தைத்துக்கொண்டு வருபவரைப் பார்த்தால், அதிகாரியின் துணியைத் திருடியவர் மாதிரி இருக்கும்.

(அந்தப் பூச்சிக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. கொச்சினீல் வியாபாரம் ஸ்பானியர் கையில் இருந்ததால், அதை இந்தியாவிலேயே வளர்த்துப் பார்க்கலாம் என்று கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். எதிர்பார்த்தபடி பலிக்கவில்லை. நான் பல வருடம் சைதாப்பேட்டை வழியாகத்தான் பஸ்ஸில் போய் வந்தேன். இது தெரிந்தது இங்கிலாந்துக்கு வந்த பிறகுதான்.)

பாலியஸ்டர்

வேண்டாம். துப்பாக்கி மருந்தின் பொறி விழுந்தால் கம்பளி கருகி அணையும். பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும்.

ஆம்ஹோலை இறக்கி வெட்டுவது

இப்போது அந்த அக்குள் விஷயம். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு எரிச்சல் தீருவதில்லை.

1815ஆம் ஆண்டுக் கோட்டின் ஆம்ஹோல், அதாவது கையை இணைக்கும் ஓட்டை, சின்னது. அக்குளை ஒட்டி, உயரத்தில் உட்கார்ந்திருக்கும். முதுகுத்துண்டு குறுகலாக இருக்கும். தோள் தையல் தோளின் மேல் வராமல் பின்பக்கம் இறங்கியிருக்கும். போட்டதும் தோள் பின்னால் போய் நெஞ்சு நிமிரும். இன்றைய கோட்டிலும் டி-சர்ட்டிலும் பழகிய உடம்புக்கு இது முதலில் பிடிக்காது. முதல் ட்ரையலில் எல்லாரும் சொல்வது ஒரே வாக்கியம்: “அக்குள் பிடிக்குது, கொஞ்சம் லூஸ் பண்ணணும்.” உடனே கத்தரியை எடுத்து ஆம்ஹோலின் அடியில் ஓர் அங்குலம் இறக்கிவிடுவார்கள். கையைத் தொங்கவிட்டு நின்று பார்த்தால் சுகமாக இருக்கும். வேலை முடிந்தது என்று நினைப்பார்கள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் நிகழ்ச்சியில் வரிசையில் நிற்கிறேன். ‘பிரசென்ட்’ என்று கட்டளை வருகிறது. அந்தக் கால வழக்கில் குறிபார் என்று அர்த்தம். துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்தினேன். கையோடு சேர்ந்து மொத்தக் கோட்டும் மேலே ஏறியது. இடுப்பில் இருக்க வேண்டிய விளிம்பு விலாவுக்கு வந்து, உள்ளே இருந்த சட்டை வெளியே தெரிந்தது. மார்பில் குறுக்கே போகும் தோல்வார்கள் இரண்டும் நழுவி, நெஞ்சில் இருக்க வேண்டிய பித்தளைத் தகடு தாடையைத் தொட்டது. “உன் கோட்டு சரணடையுது போல” என்றார் பக்கத்தில் நின்ற சார்ஜன்ட். அன்று முழுக்க ஒவ்வொரு சுற்றுக்கும் கோட்டைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தேன்.

காரணம் எளிது. கை சுழலுவது தோள்மூட்டில். ஆம்ஹோலின் அடி அக்குளை ஒட்டி இருந்தால், கை உயரும்போது அந்த இடம் கிட்டத்தட்ட அசையாது. கோட்டின் உடல் தன் இடத்திலேயே நிற்கும். அடியை இறக்கினால், மணிக்கட்டிலிருந்து அக்குள் தையல்வரை உள்ள கோட்டுக் கையின் உள்நீளம் அந்த அளவுக்குக் குறைகிறது. கையை உயர்த்தினால் அந்தக் குறையை ஈடுகட்ட கோட்டின் விலாப்பக்கம் மேலே இழுபடும். லூஸ் ஆக்க ஆக்க இன்னும் இழுக்கும். ரவிக்கை தைக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: அக்குள் இறங்கினால், கொடியில் துணி போடக் கை தூக்கும்போது ரவிக்கை மேலே ஏறும். மாமா கடையில் ஆயிரம் ரவிக்கைக்குக் காஜா எடுத்தவன் நான். எனக்கே இது உறைக்கவில்லை. ராணுவக் கோட்டு என்றதும் ஏதோ வேறு சாஸ்திரம் என்று நினைத்துவிட்டேன்.

இதைத் திருத்தவும் முடியாது. அதுதான் எரிச்சலுக்குக் காரணம். நீளம் கூடினால் குறைக்கலாம், இடுப்பு தளர்ந்தால் பிடிக்கலாம். வெட்டி எடுத்த அங்குலத்தை எங்கிருந்து கொண்டுவருவது? அக்குளில் திட்டு (தனியாக வெட்டிய சின்னத் துண்டு) வைக்கலாம் என்பார்கள். அந்தக் காலத்து லினன் சட்டையில் திட்டு உண்டு. கோட்டில் வைத்தால் வேஷம் கலைந்துவிடும். முன்பாகம் இரண்டு, முதுகு, கை இரண்டு எல்லாவற்றையும் புதிதாக வெட்ட வேண்டும். இரண்டு மீட்டர் நல்ல பிராட்குளாத்துக்குக் கொடுத்த காசு போச்சு.

அக்குள் நிஜமாகவே கடித்தால் அடியைத் தொடாதீர்கள். முன்வளைவில்தான் பெரும்பாலும் கடிக்கும். அங்கே மட்டும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் எடுத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். கோட்டின் கையை இணைக்கும் கோணத்தைப் பாருங்கள். கொஞ்சம் முன்னால் திருப்பி ஏற்றினாலே பாதிப் பிடிப்பு போய்விடும். இதையெல்லாம் சிவப்புத் துணியில் செய்யாதீர்கள். முதலில் காடாத்துணியில் ஒரு மாதிரி தைத்து, உள்ளே போடும் சட்டை, வெயிஸ்ட்கோட்டோடு போட்டுக்கொண்டு, ஒரு துடைப்பத்தையாவது தோளுக்குத் தூக்கிப் பாருங்கள். கண்ணாடி முன் கையைத் தொங்கவிட்டு நிற்பது ட்ரையலே இல்லை.

லேஸை யோசிக்காமல் தைப்பது

மார்பில் பித்தானைச் சுற்றி வரும் வெள்ளை லேஸ் (நெய்த பட்டை) அலங்காரம் மட்டுமல்ல. அதை வைத்து எந்த ரெஜிமென்ட் (படைப்பிரிவு) என்று தூரத்திலிருந்தே சொல்லலாம். நுனி சதுரமா, கோட்டைக் கொத்தளம் மாதிரி விரிந்ததா, பித்தான்கள் ஒற்றையாகவா, ஜோடியாகவா என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. கோல்ட்ஸ்ட்ரீம் கார்ட்ஸ் என்றால் இரண்டிரண்டு. மூன்றாவது கார்ட்ஸ் என்றால் மும்மூன்று. காலர், கைப்பட்டையின் நிறமும் அப்படித்தான்: 33ஆவது ரெஜிமென்ட்டுக்குச் சிவப்பின் மேல் சிவப்பே. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிராக நின்ற அதே 33. எந்தக் குழுவில் சேரப்போகிறீர்கள் என்று முடிவுசெய்யாமல் லேஸ் வாங்காதீர்கள்.

அப்புறம், லேஸுக்குப் பதில் பருத்தி நாடா வைத்தால் முதலில் நனைத்துச் சுருக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் மழையில் அது சுருங்கி, மார்பு முழுக்க அப்பளம் பொரிந்த மாதிரி ஆகிவிடும்.

டீத்தண்ணீரில் ஊறவைத்துப் பழசாக்குவது

கூடாது. இரண்டு ராத்திரி முகாமில் படுத்தால் போதும்.

அருங்காட்சியகக் கோட்டை அப்படியே நகலெடுப்பது

கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவை பெரும்பாலும் அதிகாரிகளின் கோட்டுகள். அவை அவர்கள் சொந்தக் காசில் தைத்தவை, குடும்பத்தார் பத்திரப்படுத்தினார்கள். சிப்பாயின் கோட்டு தேயும்வரை உழைத்தது. ஸ்பெயின், போர்ச்சுகல் போர்முனையில் கிழிந்த இடத்தில் உள்ளூர்ப் பழுப்புத் துணியை ஒட்டுப்போட்டு நடந்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் புதுக் கோட்டு வந்ததும் பழையதை வெட்டி வெயிஸ்ட்கோட்டாக மாற்றிக்கொள்வது வழக்கம். அதனால்தான் சிப்பாய்க் கோட்டு இன்று அரிதாகிவிட்டது.

என் முதல் கோட்டும் அந்த வழியில்தான் போனது. கைகளைக் கழற்றி, நீளத்தைக் குறைத்து, வெயிஸ்ட்கோட்டாக்கிக் குளிர்காலத்தில் தையலறையில் போட்டுக்கொள்கிறேன். போன மாதம் வந்தவரிடம் அதைக் கழற்றிக் காட்டினேன். தன் கோட்டையும் அப்படியே செய்து தரச் சொல்லி விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.