கல்லீரல் அறுவை: ரோபோவா, லேப்ராஸ்கோப்பியா என்று முடிவெடுப்பதில் நேரும் தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஒருவருக்குக் கல்லீரலில் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்துவிட்டால், என்ன செய்வது என்ற பேச்சு பெரும்பாலும் தொலைபேசியில்தான் நடக்கிறது. "அப்பச்சிக்கு ரோபோ அறுவைதான் செய்ய வேண்டும்" என்பார் சிங்கப்பூரில் இருக்கும் மகன். லேப்ராஸ்கோப்பியே, அதாவது சிறு துளைகள் வழியே கேமராவையும் நீண்ட கருவிகளையும் விட்டு மருத்துவர் நேரடியாகக் கையால் செய்யும் அறுவையே, போதும் என்பார் திருச்சியில் இருக்கும் மாமா. இருவருக்கும் உண்மையான அக்கறை. ஆனால் கட்டி கல்லீரலின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று இருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். மற்ற தவறுகள் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

அறுவை மருத்துவர்கள் கல்லீரலை எட்டுப் பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். இடது ஓரத்தில் இருக்கும் 2, 3ஆம் பகுதிகளை லேப்ராஸ்கோப்பி எளிதாக எட்டும். தேர்ந்த மையங்களில் அதுவே வழக்கமான முறை. அங்கே இருக்கும் சிறு கட்டிக்காக ரோபோவுக்குக் கூடுதல் பணம் கட்டக் கடன் வாங்குவது தேவையற்றது என்பது என் உறுதியான கருத்து. 7, 8ஆம் பகுதிகள் அப்படியல்ல. அவை உதரவிதானத்தை ஒட்டி, விலா எலும்புகளுக்கு உள்ளே, உயரத்தில் இருப்பவை. நேரான, விறைப்பான லேப்ராஸ்கோப்பிக் கருவிக்கு அந்தக் கோணம் கடினம். மணிக்கட்டைப் போல மடங்கித் திரும்பும் ரோபோக் கருவியின் பயன் இங்கேதான் தெரியும். பித்தநாளத்தைக் குடலோடு இணைத்துத் தைக்க வேண்டிய அறுவையிலும் அப்படியே.

ரோபோ தானாக அறுப்பதில்லை. மருத்துவர் சற்றுத் தள்ளி அமர்ந்து முப்பரிமாணக் காட்சியைப் பார்த்து அதன் கரங்களை இயக்குகிறார். இதைப் பலர் தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் நோயாளியின் பக்கத்தில் நிற்பவர் யார் என்று கேட்க மறந்துவிடுகிறார்கள். கல்லீரல் ரத்தம் நிறைந்த உறுப்பு. திடீரென்று ரத்தப்போக்கு ஏற்பட்டு வயிற்றைத் திறக்க வேண்டி வந்தால், முதலில் ரோபோக் கரங்களைக் கழற்ற வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கும் உதவி மருத்துவரின் கைத்திறன்தான் காக்கும். ஆகவே, "உங்களிடம் ரோபோ இருக்கிறதா?" என்பதைவிட, "இதே பகுதியில், இதே அளவு கல்லீரலை எடுக்கும் அறுவையை உங்கள் குழு எத்தனை முறை செய்திருக்கிறது?" என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் இதைக் கேட்டால் கோபிக்க மாட்டார்.

ஒப்பீட்டுக் கணக்குகளைப் படிப்பதிலும் ஒரு பிழை நடக்கிறது. வலி குறைவு, சீக்கிரம் வீடு திரும்பலாம் என்று ரோபோவுக்குச் சொல்லப்படும் பெருமைகளில் பல, வயிற்றைப் பெரிதாகத் திறக்காததால் கிடைப்பவை. லேப்ராஸ்கோப்பியிலும் அவை உண்டு. ஆஸ்லோவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிய 280 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். அறுவைக்குப் பிந்தைய சிக்கல்கள் திறந்த முறையில் 31 சதவீதம், லேப்ராஸ்கோப்பியில் 19 சதவீதம். அதில் ரோபோ ஒப்பிடப்படவே இல்லை. ரோபோவையும் லேப்ராஸ்கோப்பியையும் நேருக்கு நேர் ஒப்பிட்டவற்றில் பெரும்பாலானவை பழைய மருத்துவப் பதிவுகளைத் திரும்பிப் பார்த்தவை. நடுவில் திறந்த முறைக்கு மாற வேண்டிய நிலை ரோபோவில் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. செலவு அதிகம் என்பதும் பொதுவாகக் காணப்படுவது. எந்த மருத்துவமனை விளம்பரத்தைப் பார்த்தாலும், எதோடு எதை ஒப்பிட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

துளை சிறியது என்பதால் அறுவையும் சிறியது என்று நினைப்பது ஆபத்து. வெளியே நான்கைந்து துளைகள்தான். உள்ளே வெட்டப்படும் கல்லீரலின் அளவு குறைவதில்லை. நல்ல கல்லீரலில் 20 முதல் 30 சதவீதமாவது மிஞ்ச வேண்டும். சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிய நிலை, இருந்தால் 40 சதவீதம் அளவுக்குத் தேவை. எனவே மிஞ்சும் அளவை ஸ்கேனில் கணக்கிட்டார்களா என்று கேட்டே ஆக வேண்டும். மதுப்பழக்கத்தையும், சாப்பிடும் நாட்டு மருந்துகளையும் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கும் வழக்கம் இன்னும் நம் பக்கத்தில் இருக்கிறது. கட்டி பித்தநாளத்தை அடைத்திருந்தால், அந்த வாரங்கள் திரும்பக் கிடைக்காது.

நடுவில் திறந்த முறைக்கு மாறினால் மருத்துவர் தோற்றுவிட்டார் என்று பேசுவதும் தவறு. ரத்தப்போக்கு கட்டுக்கு அடங்காதபோதும், கட்டியின் எல்லை தெளிவாகத் தெரியாதபோதும் திறப்பதுதான் சரியான முடிவு. கட்டி பெரிய ரத்தக்குழாயில் ஊடுருவியிருந்தால் முதலிலேயே திறந்த முறையைச் சொல்வார்கள். அப்படிச் சொல்பவரைப் பழைய காலத்து மருத்துவர் என்று தள்ளிவிடாதீர்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, சில தனியார் காப்பீட்டுப் பாலிசிகளில் ரோபோ அறுவைக்குத் தனி உச்சவரம்பு உண்டு. நாள் குறிக்கும் முன்பே அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால், எந்த முறைக்கு எவ்வளவு அனுமதி என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் உறுதிசெய்துகொள்ளுங்கள். சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் 2022 முதல் ரோபோ அறுவை வசதி இருக்கிறது.

வீடு திரும்பிய பிறகு நேரும் தவறையும் சொல்ல வேண்டும். தையல் சிறியது, முகம் தெளிவாக இருக்கிறது என்று உடனே விசேஷ வீடுகளுக்கு அழைத்துச் செல்கிறார்கள். பித்தக் கசிவு சில நாள் கழித்தும் வெளிப்படலாம். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, கண்ணில் மஞ்சள், வயிற்றில் வைத்த வடிகுழாயில் பித்த நிறத்தில் வடிவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. காரைக்குடியிலிருந்து மதுரையும் திருச்சியும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். ஆகவே நள்ளிரவில் யாரை அழைப்பது, எந்த வண்டியில் போவது என்பதை மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.