வால்பாறையில் இருவாச்சி: பறவையைப் பாருங்கள், கூட்டைத் தேடாதீர்கள்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்தால் உறவினர் வீடு, குலதெய்வம், துணிக்கடை என்றே நாள்கள் ஓடிவிடும். அவற்றில் இரண்டு நாள்களை ஆனைமலைக்கு ஒதுக்குங்கள். கோவையில் இறங்கி, பொள்ளாச்சி, ஆழியாறு வழியாக நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. அங்குள்ள மழைக்காட்டில்தான் பெரிய இருவாச்சி வாழ்கிறது. இருவாட்சி என்றும் எழுதுவார்கள்.

ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள பறவை. பெரிய மஞ்சள் அலகு, அதன்மேல் இன்னொரு அலகைக் கவிழ்த்ததுபோல் கொண்டை. ஆணின் கண் சிவப்பு, பெண்ணின் கண் வெளுப்பு. பறவை கண்ணில் படுமுன் அதன் சிறகோசை காதில் விழும். பழைய நீராவி ரயில் மேடேறுவதுபோல் இருக்கும்.

டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். கனடா, ஐரோப்பாவிலிருந்து பள்ளி விடுமுறைக்கு ஜூலையில் வருகிறவர்களுக்கு மழையும் மூடுபனியும் அட்டைக்கடியும்தான் மிஞ்சும். முடிந்தால் பயணத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

காடெல்லாம் அலைய வேண்டாம். உள்ளூர் வழிகாட்டியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இப்போது எந்த அத்தி பழுத்திருக்கிறது?" காலையிலேயே போய், மரத்திலிருந்து தள்ளி, பேசாமல் உட்காருங்கள். பழம் இருக்கும்வரை இருவாச்சி அந்த மரத்துக்குத் திரும்பத் திரும்ப வரும்.

கூட்டைக் காட்டுகிறேன், கூடுதலாகக் கொடுங்கள் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தாலேயே வாசலைப் பூசி, அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவை மட்டும் விட்டுவைக்கும். உள்ளே அதன் பறக்கும் சிறகுகள் உதிர்ந்துவிடும். மாதக்கணக்கில் ஆண் கொண்டுவரும் இரைதான் தாய்க்கும் குஞ்சுக்கும் உயிர். ஆண் பறவை தன் தொண்டையிலிருந்து அத்திப்பழங்களை ஒவ்வொன்றாகக் கக்கி, அலகு நுனியில் பிடித்து, பிளவுக்குள் நீட்டும். ஒரு பிப்ரவரிக் காலையில் நான்கு பேர் கேமராவோடு கூட்டுமரத்தடியில் நின்றதைப் பார்த்தேன். ஆண் பறவை எதிர்மரத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தது. ஒரு பழம்கூடக் கொடுக்காமல் பறந்துபோயிற்று. எனக்கு வயிறு எரிந்தது.

அப்படிப்பட்ட பொந்து எளிதில் கிடைப்பதில்லை. இருவாச்சியால் மரத்தைக் குடைய முடியாது. முதிர்ந்த பெருமரத்தில் தானாக விழுந்த பொந்துதான் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இந்த மலையின் காட்டை வெட்டித் தேயிலையும் காபியும் வைத்தார்கள். எஞ்சியவை தோட்டங்களுக்கு நடுவே துண்டுதுண்டாகக் கிடக்கும் சோலைகள். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே காட்டு மரக்கன்றுகளை நட்டு வருகிறது. ஆனால் இன்று நட்ட கன்றில் பொந்து விழ நம் பேரன் காலம் ஆகிவிடும். நிற்கிற மரம் நின்றாக வேண்டும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2018இல் இப்பறவையை அழியும் ஆபத்துள்ளவற்றில் சேர்த்தது.

சில நடைமுறைகள். ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருந்தால் அதன் அசலைக் கையில் வைத்திருங்கள். சரணாலய நுழைவுக்கு இந்தியர் கட்டணமே போதும். டிரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கைபேசியில் பறவைக்குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 முதல் தடை. சோதனைச்சாவடியில் பையைப் பார்ப்பார்கள். மலைப்பகுதிகளுக்கு இ-பாஸ் கேட்கும் வழக்கம் வந்திருப்பதால் கிளம்புமுன் விசாரியுங்கள். எஸ்டேட் சாலைகள் பெரும்பாலும் தனியாருடையவை. அனுமதி பெற்றே நுழையுங்கள். வால்பாறை அருகே புதுத்தோட்டம் எஸ்டேட்டில் சிங்கவால் குரங்குகள் சாலையோரம் வரும். பிள்ளைகள் ஆசைப்பட்டாலும் பிஸ்கட் கொடுக்க விடாதீர்கள்.

இருட்டிய பிறகு தேயிலைக்குள் நடக்காதீர்கள், சிறுத்தை உண்டு. வழியில் யானை நின்றால் ஹாரன் அடிக்காமல், வண்டியைத் தள்ளி நிறுத்தி, அது போகும்வரை காத்திருங்கள்.