குழந்தைகள் மருத்துவமனை: வாசல் அழகாக இருந்தால் மட்டும் போதாது

குழந்தைகளுக்கென மருத்துவமனை கட்டும்போது யோசனையும் பணமும் பெரும்பாலும் முன்வாசலிலேயே தீர்ந்துவிடுகின்றன. பெரிய பொம்மை, வண்ணச் சுவர், மீன் தொட்டி எல்லாம் சரிதான். ஆனால் குழந்தை பயப்படுவது அங்கே இல்லை. ஊசி போடும் அறையிலும், ஸ்கேன் மிஷினுக்குள்ளும், அம்மாவை வெளியே நிறுத்திவிட்டு மூடும் கதவுக்குப் பின்னாலும்தான் அது நடுங்குகிறது. முதலில் கவனிக்க வேண்டிய இடங்கள் அவைதான்.

அடுத்த தவறு, பிள்ளைகளுக்கு எது பிடிக்கும் என்று பெரியவர்களே முடிவு செய்வது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 4 முதல் 16 வயது வரையுள்ள சுமார் 250 பேரிடம் மருத்துவமனை அலங்காரம் பற்றிக் கேட்டார்கள். கோமாளிப் படங்களை யாருமே விரும்பவில்லை என்று 2008-ல் சொன்னார்கள். வளர்ந்த பிள்ளைகள் சிலருக்குக்கூட அவை பயமாக இருந்தனவாம். கேட்காமல் வரைந்தால் இப்படித்தான் ஆகும். பதின்ம வயதினரை இன்னும் மோசமாக மறந்துவிடுகிறோம். கரடிக்குட்டி சுவருக்கு நடுவே உடை மாற்ற 14 வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு கூச்சமாக இருக்கும்! அவர்களுக்கு முதலில் தேவை மறைவும் தனிமையும்.

நிறத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பச்சிளம் குழந்தைகள் வார்டில் அழுத்தமான மஞ்சளோ நீலமோ அடித்தால், அந்தச் சாயல் குழந்தையின் தோலில் விழும். மஞ்சள் காமாலையையும், ஆக்சிஜன் குறைந்து உதடு நீலம் பாரிப்பதையும் கண்ணால் கண்டுபிடிப்பது கடினமாகிவிடும். அங்கே வெளிர்ந்த, நடுநிலையான நிறங்களே நல்லது.

வலி தரும் சிகிச்சையைக் கட்டிலிலேயே செய்யும்படி வார்டை அமைக்காதீர்கள். கட்டில் குழந்தைக்குப் பாதுகாப்பான இடமாகவே இருக்கட்டும். ஊசிக்கும் கட்டு மாற்றவும் தனி அறை வேண்டும். அங்கிருந்து அழுகைச் சத்தம் காத்திருப்பவர்களுக்குக் கேட்கக் கூடாது. அப்புறம், ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து போகிற குழந்தைக்குத் தெரிவது கூரைதான். கண்ணைக் கூசும் விளக்குகளை அதன் முகத்துக்கு நேரே வைக்காதீர்கள். ஜன்னலைத் தாழ்வாக வைத்தால் வெளியே பார்க்க அதற்கு வசதி. ஆனால் குழந்தை நுழைய முடியாத அளவுக்கே அது திறக்க வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை மிகப் பெரிய தவறு, பெற்றோருக்கு ஒரு நாற்காலி போட்டால் போதும் என்று நினைப்பது. ஒரு காலத்தில் பெற்றோர் வந்து பார்ப்பதற்கே பல மருத்துவமனைகளில் கடும் கட்டுப்பாடு இருந்தது. பிரிட்டனில் மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளின் நலன் பற்றி 1959-ல் வந்த பிளாட் குழு அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம், சிறு குழந்தைகளோடு தாயும் தங்கலாம் என்று பரிந்துரைத்தது. இன்று பல இடங்களில் அனுமதி இருக்கிறது, படுக்க இடம்தான் இல்லை. இரவெல்லாம் உட்கார்ந்தே விழித்த தாயால் காலையில் குழந்தையைத் தேற்ற முடியுமா? கட்டிலுக்கு அருகில் கால் நீட்டிப் படுக்கும் அளவு இடம், பை வைக்க அலமாரி, பக்கத்திலேயே குளியலறை, சாப்பிட ஓர் இடம் ஆகியவற்றை வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள். சுவர் எழும்பிய பிறகு அறையை அகலப்படுத்துவது எளிதல்ல.