சேர்ந்து யோசியுங்கள், தனியே எழுதுங்கள்

திருகோணமலையில் நிலாவெளி வீதியோரம் வாடகை அறைகளில் தங்கிப் படிக்கும் மாணவர்களுக்கு, கணித ஒப்படைக்கு முந்திய இரவு எப்படியிருக்கும் என்று தெரியும். ஒரு மேசையைச் சுற்றி ஐந்து பேர் இருப்பார்கள். செய்து முடித்த கொப்பி ஒன்றுதான் இருக்கும். மறுநாள் ஐந்து தாள்களிலும் ஒரே நிறுவல் வந்துவிடும்.

"பார்த்து எழுதினாலும் விளங்கித்தான் எழுதினேன்" என்பார்கள். நான் அதிகம் கவலைப்படுவது இந்தத் தவறைப் பற்றித்தான். என்னிடம் பாடம் கேட்க வரும் ஒரு மாணவர், எக்ஸ் 3-ஐ நெருங்கும்போது எக்ஸ் வர்க்கம் 9-ஐ நெருங்கும் என்று நிறுவியிருந்தார். எக்ஸ் வர்க்கம் 9-இலிருந்து விலகலாம் என்று விடும் அளவு எப்சிலன்; அதற்காக எக்ஸ் 3-க்கு எவ்வளவு அருகில் இருக்க வேண்டும் என்ற அளவு டெல்டா. டெல்டாவாக 1, எப்சிலனின் ஐந்தில் ஒரு பங்கு ஆகிய இரண்டில் சிறியதை எடுத்திருந்தார். அந்த 5 எப்படி வந்தது என்று கேட்டேன். பதில் இல்லை. அது முந்திய ஆண்டுக் கணக்கின் 5. அங்கே எக்ஸ் நெருங்கியது 2-ஐ. எக்ஸ் வர்க்கத்திலிருந்து 4-ஐக் கழித்தால் வருவது, எக்ஸிலிருந்து 2-ஐக் கழித்ததும் எக்ஸுடன் 2-ஐக் கூட்டியதும் பெருக்கியது. எக்ஸுக்கும் 2-க்கும் உள்ள இடைவெளி 1-ஐ விடக் குறைவு என்றால், எக்ஸுடன் 2-ஐக் கூட்டினால் 5-ஐ எட்டாது. 3-க்கு அதையே செய்து பார்த்தால் 7 வரும். 5-ஐ வைத்தால் நிறுவல் நிற்காது. வரிகள் விளங்கியதாக அவர் சொன்னதை நான் நம்புகிறேன். ஆனால் பிறர் எழுதிய வரியைப் பின்தொடர்வது ஒன்று, அந்த 5 பிறக்கும் இடத்தைத் தானே தேடிப் பிடிப்பது வேறொன்று. ஒப்படை கேட்பது இரண்டாவதை.

அதற்காகப் பேசாமல் இருக்க வேண்டியதில்லை. கணிதம் பேசப் பேசத்தான் தெளியும். உப்புவெளிக் கடற்கரையில் ஈர மணலில் குச்சியால் வரைந்து வாதாடுங்கள். அங்கிருந்து கையில் எதையும் எடுத்து வர முடியாது என்பதே அதன் சிறப்பு. அறையில் பேசினாலும் அப்படியே செய்யுங்கள்: பலகையை அழித்துவிட்டு, குறிப்பில்லாமல் எழுந்து, சில மணி நேரம் கழித்துத் தனியே எழுதுங்கள். நடுவில் தடைப்பட்டால், மறுபடி போய்க் கேட்கலாம்.

கொப்பியைக் கொடுப்பவர் தன்மேல் பிழையில்லை என்று நினைக்கிறார். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டாம் ஆண்டில், காய்ச்சலில் கிடந்த நண்பனுக்கு என் விடைகளை அப்படியே கொடுத்தேன். இருவருக்கும் பூச்சியம் போட்டார்கள். அவனுக்குத் தேவைப்பட்டது அரை மணி நேர விளக்கமும், தவணை கேட்டு விரிவுரையாளருக்கு ஒரு கடிதமும். இரண்டையும் நான் செய்து கொடுத்திருக்கலாம்.

உதவியவர் பெயரை எழுதினால் மதிப்பெண் குறையும் என்ற பயம் வேண்டாம். கணித மேதைகளான ஹார்டியும் லிட்டில்வுட்டும் ஏறத்தாழ நூறு கட்டுரைகளை இருவர் பெயரிலும் வெளியிட்டார்கள். இன்னொரு கணித மேதையான பால் ஏர்டிஷுடன் சேர்ந்து எழுதியவர்கள் ஏறத்தாழ 500 பேர். "இரண்டாம் கணக்கின் வழியை இன்னாருடன் பேசிக் கண்டேன்" என்று ஒரு வரி எழுதினால் போதும். இணையத்தில் பார்த்திருந்தாலும், செயற்கை நுண்ணறிவிடம் கேட்டிருந்தாலும் அதையும் எழுதுங்கள். அவற்றுக்கு அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மாறியின் பெயரை மாற்றி எழுதிவிட்டால் விடை உங்களுடையதாகிவிடாது.

எல்லா விரிவுரையாளருக்கும் ஒரே விதி கிடையாது. ஒருவர் குழுவாகச் செய்யச் சொல்வார், இன்னொருவர் நூலைக்கூடத் திறக்க விடமாட்டார். வீட்டுக்குக் கொடுக்கும் பரீட்சையில், வெளிப்படையாக அனுமதித்தால் ஒழிய யாருடனும் பேசக் கூடாது என்றே கொள்ளுங்கள்.

மூத்த மாணவர்கள் நடத்தும் குப்பி வகுப்பு பெரிய வரம். கடந்தகால வினாத்தாள்களை அங்கே தாராளமாகச் செய்து பாருங்கள். அண்ணாவோ அக்காவோ இந்த வார ஒப்படையையே பலகையில் செய்யத் தொடங்கினால் மட்டும், "இது வேண்டாம், இதைப் போல வேறொன்று செய்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியாகவே செய்து காட்டுவார்கள்.