பேய்வீட்டுப் படத்துக்குப் போறீங்களா? காதைக் கவனிங்க

முதலில் எந்தப் பக்கம் போவது என்று முடிவு பண்ணுங்கள். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று கேரள-தமிழ்நாடு எல்லையை ஒட்டி இருக்கிற நமக்கு இது ஒரு வசதி. மேற்கே போனால் பாலக்காடு, கிழக்கே போனால் கோயம்புத்தூர், இல்லையென்றால் பொள்ளாச்சி. ஒரே இங்கிலீஷ் பேய்ப்படம் பாலக்காட்டில் பெரும்பாலும் இங்கிலீஷிலேயே ஓடும், எல்லை தாண்டினால் தமிழ் டப்பிங்கில் கிடைக்கும். மற்ற படங்களுக்கு எப்படியோ, பேய்வீட்டுப் படத்துக்கு என் ஓட்டு பாலக்காட்டுக்குத்தான். ஆள் இல்லாத வீட்டில் எங்கோ ஒரு பலகை கிறீச்சிடுகிற நேரத்தில், வாயே அசையாத இடத்தில்கூட "யாரது... யாரது அங்கே?" என்று டப்பிங்காரர்கள் ஒரு குரலைச் சேர்த்துவிடுகிறார்கள். எங்கள் அத்தை இதை ஒத்துக்கொள்ள மாட்டார். "பேய் என்ன சொல்லுதுன்னே தெரியாம எப்படி அம்மிணி பயப்படறது?" என்பார். அவர் கூட வருகிற அன்றைக்கு மட்டும் கோயம்புத்தூர்.

டிக்கெட் எடுக்கும் முன் சான்றிதழைப் பாருங்கள். 'ஏ' என்றால் 18 வயது ஆகாத பிள்ளைகளை உள்ளே விடக் கூடாது, அழைத்துப் போய் வாசலில் கெஞ்சிப் பயனில்லை. 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 'யுஏ' மூன்றாகப் பிரிந்திருக்கிறது: 7+, 13+, 16+. இந்த வயதெல்லாம் பெற்றோருக்கான எச்சரிக்கை, தடை இல்லை. பேய்ப்படத்தில் 16+ என்று போட்டிருந்தால் பத்து வயதுப் பையனைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போவது எல்லோருக்கும் நல்லது. அவன் ராத்திரி எழுப்பப்போவது உங்களைத்தான்.

இனி ஹால். திரை எவ்வளவு பெரியது என்பதை நான் கேட்பதே இல்லை. ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது, ஹால் எவ்வளவு இருட்டாகும், இந்த இரண்டுதான். டால்பி அட்மாஸ் என்கிற ஒலி அமைப்பு 2012-ல் வந்தது. கூரையிலும் ஸ்பீக்கர் வைத்து, 64 தனித்தனி வழிகள் வரை ஒலியைப் பிரித்து அனுப்ப அதில் முடியும். மாடியில் யாரோ நடக்கிற சத்தம் உங்கள் தலைக்கு மேலேயே, பின்னாலிருந்து முன்னால் நடந்து போகும். பேய்வீட்டுப் படத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? இருட்டு விஷயமும் சாதாரணமில்லை. 2024-ல் வந்த மலையாளப் படம் 'பிரமயுகம்' முழுக்கக் கறுப்பு வெள்ளை, கதை பெரும்பாலும் ஒரு பாழடைந்த பழைய பெரிய வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. அந்த மாதிரிப் படத்தில் திரையின் பாதி எப்போதும் கருநிழல்தான். வாசல் திரைச்சீலை சரியாக மூடாத ஹாலில் அந்த நிழல் வெறும் சாம்பல் நிறமாக வெளுத்துப்போகும்.

நடு வரிசைக்குக் கொஞ்சம் பின்னால், திரையிலிருந்து எண்ணினால் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், நட்டநடுவில் உட்காருங்கள். சுவரோரம் வேண்டாம். பக்கத்து ஸ்பீக்கர் ஒன்றே காதைப் பிளக்கும், மற்றது எதுவும் கேட்காது. பழைய பால்கனித் தியேட்டராக இருந்தால் பால்கனிக்கு நேர் கீழே உள்ள கடைசி வரிசைகளையும் விட்டுவிடுங்கள், மேலிருந்து வருகிற சத்தம் அங்கே இறங்காது.

பயந்த சுபாவம் உள்ளவர்களுக்கு ஒரு ரகசியம்: கண்ணை மூடாதீர்கள், காதைப் பொத்துங்கள். திடீர்ச் சத்தத்துக்கு உடம்பு தானாகத் துள்ளும், மூளை யோசிப்பதற்கு முன்பே. இயக்குநர்கள் முதலில் எல்லாச் சத்தத்தையும் அடக்கி, நம்மைக் காதைத் தீட்ட வைத்துவிட்டுத்தான் அந்த இடியை இறக்குகிறார்கள். பின்னணி இசை சட்டென்று நின்றால் விரலைக் காதுக்குக் கொண்டுபோக அதுதான் நேரம். சத்தம் போய்விட்டால் முக்கால்வாசிப் பேய்கள் ஃபவுண்டேஷன் அதிகம் பூசிய பெண்கள்தான். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டால் படத்தில் இருப்பதைவிடப் பெரிய பேயை நீங்களே செய்துவிடுவீர்கள்.

பயப்படவே போகிறவர்களுக்கு வேறு வழி. ஆள் ஓரமாக நின்று திரையில் பாதி காலியாக இருந்தால், ஆளை விட்டுவிட்டு அந்தக் காலியிடத்தைப் பாருங்கள். கதவு, கண்ணாடி, படிக்கட்டின் மேல்முனை. முதல் அரைமணி நேரத்தில் வீட்டின் வரைபடத்தை மனசில் போட்டுக்கொள்வதும் முக்கியம். மலையாளப் படமென்றால் நமக்குப் பழகிய நாலுகெட்டுதான்: நடுவில் முற்றம், சுற்றிலும் நான்கு கட்டு, நெல் வைக்கிற பத்தாயம், மேலே மச்சு, வெளியே நாகத்துக்கென்று விட்ட தோப்பான பாம்புக்காவு. எந்தக் கதவு பூட்டியிருக்கிறது, கிணறு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டால், நாயகி இருட்டில் திரும்புகிறபோதே உங்களுக்கு அடிவயிறு கலங்கும். தெரியாதவருக்கு அது வெறும் இருட்டு. பொள்ளாச்சியிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு இதை மட்டும் முன்கூட்டிச் சொல்லி வையுங்கள், வசனம் பாதி புரியாவிட்டாலும் பரவாயில்லை.

யாருடன் போவது என்பதில் நான் கறார். அடுத்து என்ன வரும் என்று சொல்லிக்கொண்டே இருக்கும் மச்சான்கள் வேண்டாம். முதல் நாள் முதல் காட்சியும் வேண்டாம், விசிலுக்கு நடுவில் எந்தப் பேய் வரும்? திங்கள், செவ்வாய் செகண்ட் ஷோ, பாதி நிறைந்த ஹால், அதுதான் சரியான அளவு. பக்கத்தில் ஒரு முகம் தெரியாத பாட்டி "அம்மே!" என்று கத்தினால் அந்தப் படத்துக்குக் கூடுதல் ஐந்து மார்க்.

இடைவேளையில் பப்ஸும் கட்டன் சாயாவும் அங்கேயே முடித்துவிடுங்கள். மொறுமொறு சமாசாரம் எதையும் உள்ளே கொண்டுவராதீர்கள். இங்கிலீஷ் படத்தில் இடைவேளை என்று எடுத்தவர்கள் ஒன்றும் வைப்பதில்லை, தியேட்டர்காரரே ஓர் இடத்தில் நிறுத்துவார். அது பெரும்பாலும் கதவு திறக்கப்போகிற நேரமாக இருக்கும். சீக்கிரம் சீட்டுக்குத் திரும்புங்கள். நம்மூர்ப் படமென்றால் இடைவேளைக்குப் பிறகு அந்த வீட்டில் யார் செத்தார்கள் என்கிற பழைய கதை வரும். பயம் குறைகிற இடம் அது, பாத்ரூம் போக வேண்டியவர்கள் அப்போது போகலாம்.

திரும்பி வருவதைப் படத்துக்கு முன்பே ஏற்பாடு செய்யுங்கள். செகண்ட் ஷோ விடும்போது நம் பக்கம் வர பஸ்ஸை நம்ப முடியாது. மலம்புழையில் கானாயி குஞ்ஞிராமன் 1969-ல் செய்த 30 அடி யட்சி சிலையைப் பட்டப்பகலில் பார்த்து வளர்ந்தவர்கள்தான் நாம். இருந்தும் நள்ளிரவில் சித்தூர் தாண்டி, கணவாய்க் காற்றில் பனை ஓலை உரசுகிற ரோட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நாங்கள் பக்கத்து வீட்டு அண்ணனின் ஆம்னி வேனைப் பேசிக்கொள்வோம். அவருக்கு டிக்கெட் எடுக்க மாட்டோம். ஒருமுறை எடுத்தோம், வழியெல்லாம் கண்ணாடியில் பின்சீட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். இப்போதெல்லாம் தட்டுக்கடையில் தோசையும் டபுள் ஆம்லெட்டும் அவருக்கு எங்கள் கணக்கு.