ஸ்டேட்டஸ் போட்டா ஆள் கேட்கணுமா? கேள்வியோட முடிங்க

வேலூர்ப் பக்கம் இலவம்பாடி முள்ளு கத்திரிக்காயைத் தெரியாதவர் இல்லை. 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனாலும் எங்கள் சித்தி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் "தரமான கத்திரிக்காய் கிடைக்கும், அணுகவும்" என்று போட்டபோது ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது அவர் போடுவதே வேறு. காம்பைப் பிடித்துக் காயைத் திருப்புகிறார். முள் கேமராவுக்குப் பக்கத்தில் தெரிகிறது. "பாத்துப் புடிங்க, குத்தும்! காலைல பறிச்சது, பத்து கிலோதான் இருக்கு. பிரியாணிக்குத் தொட்டுக்கவா, காரக்குழம்புக்கா?" மொத்தம் பதினைந்து நொடிகூட இல்லை. அந்தக் கடைசிக் கேள்விதான் உயிர். ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடிந்தால் மக்கள் சொல்லிவிடுவார்கள். பேச்சு ஆரம்பித்துவிட்டால் வியாபாரம் தானாக வரும்.

விலையை மறைக்காதீர்கள். "தனியா மெசேஜ் பண்ணுங்க" என்றால் பாதிப்பேர் நகர்ந்துவிடுவார்கள், நானும்தான்.

"ரெண்டு காய் சொத்தை" என்று யாராவது எழுதினால் மழையைக் காரணம் சொல்ல வேண்டாம். முதலில் "சரிங்கண்ணா, நாளைக்கு மாத்தித் தர்றேன்." விளக்கமெல்லாம் அப்புறம்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்ப உதவும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போகும். அதனால் பையைக் கையில் கொடுக்கும்போதே, "நம்பரை சேவ் பண்ணிக்கோங்க" என்று கேட்டுவிடுங்கள். வாங்குபவர்கள் சேமித்து முடிக்கும்வரை சித்தி மீதிச் சில்லறையை நிதானமாகத்தான் எண்ணுவார்.